கொடைநிதியும் கால்நடை மருத்துவக் கல்வியும்: டஸ்கீகி கல்லூரியின் வரலாறு

டஸ்கீகி கால்நடை மருத்துவக் கல்லூரி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அலபாமா மாநிலத்தில் 1945ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கறுப்பின மக்களுக்காக அந்நாட்டில் நிறுவப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில், இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கால்நடை மருத்துவப் பட்டம் வழங்கிய கல்லூரி இது ஒன்றே. இதனைத் தோற்றுவித்தவர் பிரடெரிக் டக்ளஸ் பேட்டர்சன். இவர் ஒரு கால்நடை மருத்துவர். கறுப்பின மாணவர்களின் கல்விக்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம் 1944இல் உருவாகக் காரணமானவரும் இவரே. (அக்காலத்தில் வழங்கிய சொல் அந்த நிதியத்தின் பெயரில் இன்றும் நிலைத்துவிட்டது.)

நிதியத்தையும் கல்லூரியையும் ஒரே மனிதர் அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஏழை மாணவர் ஒருவர் கால்நடை மருத்துவராக இரண்டு வேண்டும். ஒன்று படிப்பதற்கான பணம். மற்றொன்று அவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மாணவருக்கு இவ்விரண்டுமே கிடைக்கவில்லை. கொடையாளர் பணம் இந்தக் குறையை எந்த அளவுக்குத் தீர்த்தது, எந்த இடத்தில் அதற்கு மேல் செல்ல முடியாமல் நின்றது என்பதை டஸ்கீகியின் வரலாறு காட்டுகிறது.

கொடையால் வளர்ந்த நிறுவனம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களிடம் நிலமும் இல்லை, கல்வியும் இல்லை. இந்நிலையில் 1881 ஜூலை 4 அன்று டஸ்கீகி என்னும் சிற்றூரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். இவர் அடிமையாகப் பிறந்து, பள்ளியில் துப்புரவு வேலை பார்த்துப் படித்து முன்னேறியவர். அலபாமா அரசு ஆசிரியர் ஊதியத்துக்காக ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ அதில் ஒதுக்கீடு இல்லை. வாஷிங்டன் கடன் வாங்கிப் பழைய பண்ணை ஒன்றை விலைக்குப் பெற்றார். மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளையிட்டு வகுப்பறைகளைக் கட்டினர்.

இந்தப் பள்ளியின் செலவுமுறை பின்னாளைய கல்வி உதவித்தொகைகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. மாணவர் தம் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பண்ணையிலும் பட்டறையிலும் உழைத்து ஈடு செய்தனர். கற்பிக்கும் செலவை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஒரு மாணவரின் ஓராண்டுக் கற்பித்தல் செலவுக்கு 50 டாலர் தேவை என்று கணக்கிட்ட வாஷிங்டன், அந்தத் தொகையைத் தரும்படி வடமாநிலச் செல்வர்களையும் தேவாலயங்களையும் கேட்டுக்கொண்டார். மொத்தமாகப் பள்ளிக்கு உதவுங்கள் என்று கேட்பதைவிட, ஒரு மாணவருக்கு ஓராண்டு என்று அளவிட்டுக் கேட்டது நல்ல பலன் தந்தது. கொடுப்பவருக்குத் தம் பணம் எதற்குப் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

பெருங்கொடைகளும் வந்தன. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1903இல் 6,00,000 டாலர் வழங்கினார். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912இல் டஸ்கீகியின் அறங்காவலர் குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் உதவினார். நியூயார்க் வங்கியாளர் மோரிஸ் ஜெசப் தந்த பணத்தில் 1906இல் ஒரு குதிரைவண்டி அமைக்கப்பட்டது. வேளாண் கருவிகளையும் பால்பண்ணைச் சாதனங்களையும் ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகச் சென்று உழவர்களுக்குப் பயிற்சி அளித்தது. 1896இல் டஸ்கீகிக்கு வந்த புகழ்பெற்ற வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இத்திட்டத்துக்கு வழிகாட்டினார்.

வேளாண்மை இவ்வாறு வளர்ந்தபோதும் கால்நடை மருத்துவத்துக்கு முழுமையான பட்டப்படிப்பு இல்லை. உழவுக்குக் கோவேறு கழுதைகளையும் வருமானத்துக்குப் பன்றிகளையும் கறவை மாடுகளையும் நம்பியிருந்த சிறு உழவர்களுக்கு ஒரு விலங்கின் சாவு ஓராண்டு வாழ்வையே பாதித்தது. எனினும் அவர்கள் அழைக்கக்கூடிய மருத்துவர் பெரும்பாலும் அருகில் இல்லை.

மூடியிருந்த கதவுகள்

அமெரிக்காவில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹென்றி ஸ்டாக்டன் லூயிஸ். இவர் 1889இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அப்போது அங்கே கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்று இயங்கிவந்தது. டிரினிடாடில் பிறந்த அகஸ்டஸ் நதானியேல் லஷிங்டன் 1897இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இவர்களைத் தொடர்ந்து அயோவா, கான்சாஸ், ஒகையோ முதலிய மாநிலங்களின் கல்லூரிகளிலும் மிகச் சிலர் படித்தனர். இவை அனைத்தும் வடக்கிலும் நடுமேற்கிலும் இருந்தவை.

கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்த தென்பகுதியில் நிலைமை வேறு. அலபாமாவின் ஆபர்ன் நகரில் 1907இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. டஸ்கீகியிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆயினும் அங்கே வெள்ளையர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். டெக்சாஸ் வேளாண் இயந்திரவியல் கல்லூரியிலும் அதே நிலைதான். ஆகவே அலபாமாவின் ஓர் உழவர் மகனுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை எழுந்தால், அவன் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அயோவாவுக்கோ கான்சாசுக்கோ போக வேண்டியிருந்தது. பயணச் செலவும் வெளிமாநிலத்தாருக்கு விதிக்கப்படும் கூடுதல் கட்டணமும் அவன் தலையில் விழுந்தன. போன இடத்திலும் விடுதியில் இடம் கிடைப்பது அரிது.

தென்மாநில அரசுகள் இதற்குக் கண்ட வழி ஒருவகை உதவித்தொகை. கறுப்பின மாணவரைத் தம் கல்லூரியில் சேர்க்காமல், வேறு மாநிலத்தில் போய்ப் படிக்க ஒரு தொகையை அளித்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இது உதவி. உண்மையில் இது அவர்களை வெளியே அனுப்பிவிடும் ஏற்பாடு. மிசோரி மாநிலத்தில் சட்டம் படிக்க விரும்பிய லாயிட் கெயின்ஸ் தொடுத்த வழக்கில், 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்தது. ஒரு மாநிலம் வெள்ளையருக்குத் தன் எல்லைக்குள் கல்வி தரும்போது, மற்றவருக்கு வெளியூர்ச் செலவைத் தந்து கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்குப் பின்னும் பல மாநிலங்கள் அதே முறையைத் தொடர்ந்தன.

பட்டம் பெற்றவர்களுக்கும் தனித்தொழில் எளிதாக அமையவில்லை. வெள்ளைப் பண்ணையாளர் பலர் அவர்களை அழைக்கவில்லை. கறுப்பின உழவர்களால் போதிய கட்டணம் தர இயலவில்லை. எனவே பலர் நடுவண் அரசின் கால்நடைத் தொழில் பணியகத்தில் இறைச்சி ஆய்வாளர்களாகப் பணியாற்றினர். இறைச்சிக்கூடங்கள் நிறைந்த பெருநகரங்களிலேயே அந்த வேலை இருந்தது. தென்பகுதிக் கிராமங்களுக்கு மருத்துவர் கிடைக்காத நிலை அப்படியே நீடித்தது.

பேட்டர்சனின் இளமைக்காலம்

பிரடெரிக் டக்ளஸ் பேட்டர்சன் 1901 அக்டோபர் 10 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். அடிமை ஒழிப்புப் போராளி பிரடெரிக் டக்ளசின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. அவருக்கு ஏறத்தாழ இரண்டு வயதாக இருக்கும்போது தாயும் தந்தையும் காசநோயால் அடுத்தடுத்து இறந்தனர். வயதில் மிக மூத்த தமக்கை ஒருவர் அவரை வளர்த்தார். ஆசிரியப் பணியில் கிடைத்த சிறு ஊதியத்திலிருந்து அவர் தம்பியின் பள்ளிச் செலவையும் ஏற்றார்.

டெக்சாசின் பிரெய்ரி வியூ பள்ளியில் படித்த காலத்தில் பேட்டர்சனுக்கு எட்வர்டு எவன்ஸ் என்ற இளம் கறுப்பினக் கால்நடை மருத்துவரின் தொடர்பு கிடைத்தது. எவன்ஸ் 1918இல் அயோவா மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற ஒருவர் அந்தத் தொழிலைச் செய்வதைக் கண்ட பேட்டர்சன் தாமும் அயோவா சென்றார். கிடைத்த வேலைகளைச் செய்து, தாமே செலவைச் சமாளித்து 1923இல் கால்நடை மருத்துவப் பட்டமும், 1927இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இடையில் வர்ஜீனியா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

1928இல் டஸ்கீகியில் சேர்ந்து கால்நடை அறிவியலும் நுண்ணுயிரியலும் கற்பித்தார். 1932இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வேளாண் பள்ளியின் இயக்குநரானார். 1935இல் டஸ்கீகியின் மூன்றாவது தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 33.

வற்றிய ஊற்று

அவர் பொறுப்பேற்ற காலம் கடினமானது. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவின் செல்வர்களையும் பாதித்திருந்தது. வாஷிங்டன் காலத்தில் தாராளமாகக் கொடுத்த பெருங்கொடையாளர்கள் ஒவ்வொருவராக மறைந்துவிட்டனர். ரோசன்வால்ட் 1932இல் இறந்தார். அவர் பெயரால் அமைந்த நிதி, குறிப்பிட்ட காலத்துக்குள் முதலையும் சேர்த்துச் செலவிட்டுவிட வேண்டும் என்ற விதியுடன் தொடங்கப்பட்டது. அது 1948இல் மூடப்பட்டது. டஸ்கீகி ஆண்டுதோறும் பற்றாக்குறையில் ஓடியது. கட்டணம் கட்ட இயலாத மாணவர்கள் பெருகினர்.

பெருங்கொடைகளை மட்டும் நம்பியிருந்ததன் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. ஒரு செல்வர் கொடுத்த பணம் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு உதவும். அவர் மறைந்தால், அல்லது அவர் மனம் மாறினால், அடுத்த தலைமுறைக்கு உதவி இல்லை. மேலும் ஒவ்வொரு கறுப்பினக் கல்லூரியின் தலைவரும் அதே சில அறக்கட்டளைகளின் கதவையே தட்டினர். ஒரு கல்லூரிக்குக் கிடைப்பது மற்றொரு கல்லூரிக்குக் கிடைக்காமல் போனது.

ஐக்கிய நிதியம் (1944)

இதற்கு மாற்று வழி பேட்டர்சனின் கண்முன்னே இருந்தது. இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய தேசிய அறக்கட்டளை, ஒவ்வொருவரிடமும் பத்து சென்ட் காசு கேட்டுப் பெருநிதி திரட்டிக்கொண்டிருந்தது. அந்த நிதியின் உதவியால் கறுப்பினக் குழந்தைகளுக்கான இளம்பிள்ளை வாத சிகிச்சை மையம் ஒன்று 1941இல் டஸ்கீகியிலேயே திறக்கப்பட்டது. சிறு தொகைகள் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதை அவர் நேரில் கண்டார்.

1943இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழில் அவர் தம் கருத்தை வெளியிட்டார். தனியார் கறுப்பினக் கல்லூரிகள் தனித்தனியே அலைவதை விட்டு, ஒன்றுகூடி நாடு முழுவதும் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. சில தலைவர்கள் தயங்கினர். தம் கல்லூரிக்கு வழக்கமாகக் கொடுப்பவர்கள் பொது நிதிக்குக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எனினும் 27 கல்லூரிகள் உடன்பட்டன. 1944 ஏப்ரல் 25 அன்று ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம் தொடங்கப்பட்டது. அதன் முதல் செயல் இயக்குநர் வில்லியம் டிரென்ட். இரண்டாம் ஜான் ராக்பெல்லர் போன்ற செல்வர்களும் அதிபர் ரூஸ்வெல்ட்டும் ஆதரவளித்தனர். முதல் ஆண்டுத் திரட்டல் ஏறத்தாழ 7,60,000 டாலர் ஆகும்.

தொடக்கத்தில் இந்நிதியம் மாணவருக்கு நேராகப் பணம் கொடுக்கவில்லை. திரட்டிய தொகையை உடன்பட்ட முறைப்படி உறுப்புக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. கல்லூரிகள் அதனை ஆசிரியர் ஊதியம், அன்றாடச் செலவு, ஏழை மாணவர்களின் கட்டணச் சலுகை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தின. தனி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டங்கள் பின்னர் வளர்ந்தன. பெருங்கொடையாளர் பலர் கட்டடத்துக்கே பணம் தருவது வழக்கம். அதில் அவர்கள் பெயர் நிலைக்கும். விளக்கெரிக்கும் செலவுக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் தருவோர் குறைவு. சிறு தொகைகளால் ஆன பொது நிதி அந்த இடைவெளியை நிரப்பியது.

கல்லூரியின் தோற்றம் (1945)

நிதியம் தொடங்கிய மறு ஆண்டே பேட்டர்சன் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பலருக்கு இது துணிச்சலான செயலாகத் தோன்றியது. மற்றப் பட்டப்படிப்புகளைவிடக் கால்நடை மருத்துவக் கல்விக்குச் செலவு மிகுதி. பெரிய விலங்குகளுக்கும் சிறிய விலங்குகளுக்கும் தனித்தனி மருத்துவமனை, உடற்கூறு ஆய்வுக்கூடம், தொழுவம், தீவனம், தேர்ந்த ஆசிரியர் என அனைத்தும் தேவை. அமெரிக்காவில் இத்தகைய கல்லூரிகள் பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பில் இருந்ததற்கு இதுவே காரணம். டஸ்கீகியோ தனியார் நிறுவனம்.

பேட்டர்சனுக்கு வழிகாட்டியாக இருந்த எட்வர்டு எவன்ஸ் புதிய கல்லூரியின் தொடக்கக் காலத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பின்னர் பிரெய்ரி வியூவின் தலைவராகத் திரும்பிச் சென்றார். போரிலிருந்து மீண்ட வீரர்களின் கல்விக்கு அரசு பணம் தரும் சட்டம் 1944இல் இயற்றப்பட்டிருந்தது. அதுவும் போருக்குப் பின் வந்த மாணவர்களுக்குத் துணையாயிற்று.

1949இல் முதல் அணி வெளிவந்தது. பட்டம் பெற்றவர்கள் ஐவர். அவர்களில் ஒருவர் ஆல்பிரடா ஜான்சன் வெப் என்ற பெண். அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹின்டனும் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்கள் இவ்விருவரே. ஹின்டன் அதற்கு முன்பே நுண்ணுயிரியலில் பெயர் பெற்றவர். நோய்க்கிருமிகள் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதிக்க உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் முல்லர் ஹின்டன் வளர்ப்பு ஊடகத்தை 1941இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர்.

வெப் அம்மையார் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் மேற்படிப்பு முடித்து, டஸ்கீகியிலேயே உடற்கூற்றியல் கற்பித்தார். பின்னர் வட கரோலினாவில் பேராசிரியராகி, அம்மாநிலச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமையையும் பெற்றார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைக்கத் திட்டமிட்ட குழுவிலும் அவர் பணியாற்றினார். முதல் அணியில் படித்த ஒருவர், பிற்காலத்தில் இன்னொரு மாநிலத்தின் மாணவர்களுக்குக் கல்லூரி அமையவும் உதவினார்.

மாநில ஒப்பந்தங்களும் எதிர்ப்பும்

கொடைநிதி மட்டும் கொண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியை நடத்துவது கடினம் என்பது விரைவில் தெரிந்தது. 1948 பிப்ரவரியில் தென்மாநில ஆளுநர்கள் வட்டாரக் கல்வி உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டனர். தம் மாநிலத்தில் இல்லாத தொழிற்படிப்பு வேறு மாநிலக் கல்லூரியில் இருந்தால், அங்கே படிக்கும் மாணவருக்காக அந்த மாநிலம் கல்லூரிக்கு ஒரு தொகையைச் செலுத்தும். இந்த ஏற்பாட்டின்கீழ்ப் பல தென்மாநிலங்கள் தம் கறுப்பின மாணவர்களை டஸ்கீகிக்கு அனுப்பின. மாணவருக்குக் கட்டணச் சுமை குறைந்தது. கல்லூரிக்கு நிலையான வருமானம் கிடைத்தது.

இதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. குடியுரிமை அமைப்புகள் இதனை இனப் பிரிவினையை நீட்டிக்கும் சூழ்ச்சி என்று கண்டித்தன. டஸ்கீகிக்குப் பணம் கொடுத்துவிட்டால், ஆபர்ன் போன்ற அரசுக் கல்லூரிகள் தம் கதவைத் திறக்காமலே இருந்துவிடலாம் அல்லவா என்பது அவர்களின் வாதம். 1938 தீர்ப்பு கண்டித்த பழைய உதவித்தொகையே புதுப் பெயரில் வந்திருப்பதாக அவர்கள் கருதினர். மேரிலாந்து மாநிலத்தில் செவிலியர் படிப்பு தொடர்பான வழக்கில், வட்டார உடன்பாட்டைக் காட்டி மாணவியை வெளிமாநிலம் அனுப்ப முடியாது என்று 1950இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. உரிமைக்காகப் போராடியவர்கள் கொள்கையில் சரியாகவே நின்றனர். ஆனால் ஆபர்ன் கல்லூரி நிறுவனம் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1964இல்தான். அதுவரை உள்ள ஆண்டுகளில் படிக்க வேண்டியிருந்த இளைஞர்களால் நீதிமன்றத் தீர்ப்புகள் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. டஸ்கீகியின் பதினைந்துக்கும் மேற்பட்ட அணிகள் அந்த இடைக்காலத்தில்தான் பட்டம் பெற்று வெளியேறின.

உதவித்தொகை மாணவருக்கு எவ்வாறு பயன்படுகிறது

கால்நடை மருத்துவ மாணவருக்கு உதவித்தொகை இன்றியமையாததாவதற்கு அப்படிப்பின் தன்மையே காரணம். அமெரிக்க முறைப்படி, கல்லூரியில் சேருவதற்கு முன் சில ஆண்டுகள் அறிவியல் பாடங்களைப் படிக்க வேண்டும். அதன்பின் நான்கு ஆண்டுகள் தொழிற்கல்வி. கடைசி ஆண்டுகளில் மருத்துவமனைப் பணி இரவும் பகலும் தொடரும். வயிற்றுவலியால் துடிக்கும் குதிரையும் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவும் பகலில் மட்டும் வருவதில்லை. ஆகவே பகுதிநேர வேலை பார்த்துப் பணம் ஈட்ட மாணவருக்கு நேரம் கிடைப்பதில்லை. வாஷிங்டன் காலத்தில் நடைமுறையிலிருந்த உழைத்துப் படிக்கும் வழி இந்தப் படிப்புக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

கட்டணம் தவிர, புத்தகம், அறுவைக் கருவிகள், பண்ணைகளுக்குச் செல்லும் பயணம், உரிமத் தேர்வுக் கட்டணம் என்று பல செலவுகள் உண்டு. இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் மாணவர் படிப்பை நிறுத்த நேரிடும். சிறிய உதவித்தொகையும் உரிய நேரத்தில் கிடைத்தால் பெரிய பயன் தருவது இதனால்தான். இறுதியாண்டு மாணவருக்குத் தரும் ஒரு சிறு தொகை, அதுவரை அவருக்காகச் செலவிட்ட அத்தனை பணத்தையும் வீணாகாமல் காக்கிறது.

கடனின் அளவு தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பாதிக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ மாணவர்களின் சராசரிக் கல்விக் கடன் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் 1,50,000 டாலர் என்ற அளவை எட்டியது. மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களைவிடக் கால்நடை மருத்துவரின் வருவாய் குறைவு. கடன் மிகுந்தவர் நகரத்தில் செல்லப் பிராணிகளுக்கான மருத்துவமனையை நாடுவது இயல்பு. கிராமப்புறப் பண்ணை விலங்குகளைக் கவனிக்கவும், ஆராய்ச்சியில் ஈடுபடவும், ஆசிரியராகவும் விரும்புவோருக்குக் கடன் ஒரு தடையாகிறது. எனவே உதவித்தொகையின் பயன் மாணவரோடு முடிவதில்லை. உழவருக்கும் அவர் வளர்க்கும் விலங்குக்கும் அது போய்ச் சேருகிறது.

உதவித்தொகைகளில் இரு வகை உண்டு. ஆண்டுதோறும் திரட்டிக் கொடுப்பது ஒன்று. பெருந்தொகையை முதலாக வைத்து அதன் வட்டியிலிருந்து கொடுப்பது மற்றொன்று. இது நிலைநிதி எனப்படும். முன்னது உடனே பயன் தரும். ஆனால் நாட்டில் பொருளாதாரம் சரிந்தால் அதுவும் சரியும். பின்னது மெதுவாகவே பயன் தரும். எனினும் கொடுத்தவர் மறைந்த பின்னும் நிலைக்கும். பெருமந்த ஆண்டுகளின் அனுபவம் பேட்டர்சனுக்கு இந்த வேறுபாட்டை உணர்த்தியிருந்தது. 1970களில், தமது எழுபதாம் வயதைக் கடந்த பின்னும், கறுப்பினக் கல்லூரிகள் தமக்கென நிலைநிதி சேர்ப்பதற்கான திட்டம் ஒன்றை வகுத்து அதற்காக உழைத்தார்.

பிற்கால வளர்ச்சி

பேட்டர்சன் 1953இல் டஸ்கீகியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, நியூயார்க்கில் பெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் அறக்கட்டளையின் தலைமையை ஏற்றார். அதுவரை கொடை கேட்டு நின்றவர், அதன்பின் கொடை வழங்கும் பொறுப்பில் அமர்ந்தார். 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் கால்நடை மருத்துவக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்வழி கல்லூரிகளின் கட்டடங்களுக்கும் மாணவர்களின் கடனுதவிக்கும் நடுவண் அரசின் பணம் கிடைத்தது.

ஐக்கிய நிதியம் 1972இல் நாடு தழுவிய விளம்பர இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஓர் அறிவு வீணாவது கொடுமை என்ற பொருள்படும் அதன் முழக்கம் அமெரிக்காவெங்கும் பரவியது. பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் அதனைக் கட்டணமின்றி வெளியிட்டன. அமெரிக்க அரசு பேட்டர்சனுக்கு 1987இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை வழங்கியது. அவர் 1988 ஏப்ரல் 26 அன்று காலமானார்.

அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தன்னிடம் படித்தவர்கள் என்று டஸ்கீகி பல்கலைக்கழகம் கூறுகிறது. எல்லா இனத்தவரும் இன்று அங்கே படிக்கின்றனர். ஆயினும் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், இத்தொழிலில் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இன்றும் வெள்ளையரே. சட்டத்தால் மூடியிருந்த கதவுகள் 1960களில் திறந்தன. பணத்தால் மூடியிருக்கும் கதவு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

மதிப்பீடு

டஸ்கீகியின் வரலாற்றிலிருந்து கொடைநிதி பற்றி மூன்று செய்திகளை அறியலாம். முதலாவது, உதவித்தொகை பயன்பட வேண்டுமானால் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி இருக்க வேண்டும். இடம் தராமல் பணம் மட்டும் தந்த தென்மாநிலங்களின் பழைய ஏற்பாடு கல்வியை மறுப்பதற்கே பயன்பட்டது. இரண்டாவது, சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கேற்ப, பலர் தரும் சிறு கொடைகள் சிலர் தரும் பெருங்கொடைகளைவிட நீடித்து நிற்கும். மூன்றாவது, செலவு மிகுந்த தொழிற்கல்வியைக் கொடை மட்டும் தாங்காது. அரசின் பணமும் சேர வேண்டும். போர்வீரர் கல்விச் சட்டமும் மாநில ஒப்பந்தங்களும் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லாமல் டஸ்கீகி கால்நடை மருத்துவக் கல்லூரி நிலைத்திருப்பது அரிது.

அரசு முன்வராத காலத்தில் முதல் அடியை எடுத்து வைத்தது கொடைநிதியே. 1949இல் வெளியேறிய ஐவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 1945 வரை அலபாமாவில் கறுப்பின இளைஞர் ஒருவர்கூடத் தம் மாநிலத்திலேயே இருந்து கால்நடை மருத்துவராக முடிந்ததில்லை.